மேக்புக் ஏரா, திங்க்பேடா? கேட்டவர்களுக்குப் பதில்

இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன், அதற்குள் இத்தனை கேள்விகள். எம்4 சிப் போட்ட 13 அங்குல மேக்புக் ஏர், லெனோவோ திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறை, இந்த இரண்டை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

கேள்வி: அண்ணா, மெக்கானிக்கல் சேரப் போகிறேன். ஏர் பார்க்க அழகாக இருக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. உன் படிப்பில் இயந்திரப் பாகங்களை வரையத் தேவைப்படும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் மேக்கில் கிடையாது. இன்டெல் மேக் இருந்த காலத்தில் பூட் கேம்ப் என்ற ஆப்பிளின் வசதி வழியாக விண்டோஸ் போட்டுக்கொள்ள முடிந்தது. 2020 கடைசியில் ஆப்பிள் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியதோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. பேரலல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டலாமே என்பார்கள். தேர்வுக்கு முந்தின நாள் அது மக்கர் பண்ணினால் யாரிடம் போய் நிற்பாய்? திங்க்பேட் எடு, முடிந்தால் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள பி வரிசையையும் ஒரு பார்வை பார்.

கேள்வி: 16 ஜிபி ரேம் போதுமா? பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா?

இன்றைக்குப் போதும். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் முக்கியம், அதைத்தான் பலர் கேட்பதில்லை. ஏரில் ரேமும் சரி, சேமிப்பிடமும் சரி, வாங்கும் நாளில் எவ்வளவு எடுத்தீர்களோ அவ்வளவுதான், கடைசிவரை மாற்ற முடியாது. டி14-இல் இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கிறது, 64 ஜிபி வரை போகலாம். ரேம் மாற்றும்போது முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் உள் பேட்டரியை முடக்கிவிடுங்கள், அப்புறம் பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் மூடியிலேயே தங்கிவிடும், உருண்டு கட்டிலுக்கடியில் போகாது. விளிம்பில் நெம்பும்போது கிளிப்புகள் டப் டப்பென்று விடும், முதல் தடவை உடைத்தேவிட்டோம் என்று பயந்துபோனேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழைய டி14 வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை: முந்தைய தலைமுறைகளில் ரேம் பாதியோ முழுவதுமோ போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதேபோல 2024 அக்டோபருக்கு முன் வந்த ஏர்களில் ஆரம்ப மாடல் 8 ஜிபிதான், விலை குறைவென்று அதில் விழாதீர்கள்.

கேள்வி: பேட்டரி?

ஏர்தான், இதில் போட்டியே இல்லை. வீடியோ பார்த்தால் 18 மணி நேரம், இணையத்தில் உலாவினால் 15 என்று ஆப்பிள் சொல்கிறது. சார்ஜரை வீட்டிலேயே விட்டுப் போகும் பழக்கம் எனக்கு வந்ததே இதனால்தான். ஃபேனும் கிடையாது, சத்தமே வராது. ஆனால் ஒரு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட்டுக்குப் போட்டால் சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஏரில் இரண்டு மானிட்டர் மாட்டலாமா?

எம்4-இல் தாராளமாக. முந்தைய எம்3 சிப் என்றால் லேப்டாப்பை மூடி வைக்க வேண்டும். அதற்கும் முந்தைய எம்1, எம்2 ஒரு மானிட்டரோடு சரி.

கேள்வி: கேமரா மேல் ஒட்டும் பிளாஸ்டிக் மூடி வாங்கியிருக்கிறேன், ஏரில் ஒட்டலாமா?

ஒட்டாதீர்கள். மூடியோடு லேப்டாப்பை மூடினால் திரை விரிசல் விடலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது, திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு. கீபோர்டு மேல் கிடந்த ஒரு ஸ்டேப்ளர் பின்னைக் கவனிக்காமல் மூடி நானே ஒரு திரையை உடைத்திருக்கிறேன், எந்த லேப்டாப் என்று கேட்காதீர்கள், தப்பு என்னுடையது. திங்க்பேடில் கேமராவுக்கு மேலேயே தள்ளுகிற ஒரு சின்ன மூடி உண்டு. ஏர்தான் வேண்டுமென்றால் கேமரா பக்கத்தில் எரியும் பச்சை விளக்கை நம்புங்கள்.