எச்எல்ஏ பி27 பாசிட்டிவ் என்றால் என் மகனுக்கும் முதுகு வளைந்துவிடுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 34, மூன்று வருடமாக விடியற்காலையில் முதுகுவலி, எம்ஆர்ஐயில் எஸ்ஐ ஜாயின்ட்டில், அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் அழற்சி, ரத்தத்தில் எச்எல்ஏ பி27 என்ற ஜீன் வடிவம் பாசிட்டிவ். ஏஎஸ், அதாவது முதுகெலும்பு அழற்சியால் மெல்ல இறுகிப்போகும் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுநோய் டாக்டர்) சொல்லிவிட்டார். ஐந்து வயதுப் பையனுக்கும் அந்த டெஸ்டை எடுத்துவிடலாம் என்று வீட்டில் நச்சரிக்கிறார்கள். எடுக்கலாமா? சித்திக்கு இருக்கும் முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இதே ஜீனால் வந்ததுதானா?

நான் மருத்துவர் இல்லை. பதினோரு வருடமாக இதே நோயோடு இருப்பவள், பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் ஆசிரியை. பையனுக்கு வலியோ வீக்கமோ இல்லாதவரை எடுக்காதீர்கள் என்பேன். ஏன் என்று சொல்ல என் அப்பாவின் முதுகிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா குழித்தறி நெசவாளர். ஐம்பது வயதுக்குள் கூன் விழுந்துவிட்டது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, ஆளே திரும்புவார். "குழியில உக்காந்து உக்காந்தே முதுகு தறிக்கட்டையா போச்சு" என்பாள் அம்மா. எங்கள் ஊரில் தறி போடுகிற எல்லோருக்கும் முதுகுவலி உண்டு, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு கண் மட்டும் ரத்தமாகச் சிவக்கும். வெளிச்சம் பட்டால் தாங்காது, துண்டைப் போட்டு மூடிக்கொண்டு படுப்பார். மெட்ராஸ் ஐ என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவோம். பீளை தள்ளாமல், வீட்டில் இன்னொருவருக்கு ஒட்டாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கண்ணில் வருகிற மெட்ராஸ் ஐ எங்கே உண்டு? அது அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குள் வரும் அந்த அழற்சிக்கு யூவியைட்டிஸ் என்று பெயர். அதற்கும் பி27க்கும் நெருங்கிய உறவு உண்டு என்பதை அப்பா போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் கதை வேறு மாதிரி. இரண்டாவது பிரசவம் சிசேரியன். அதற்குப் பிறகு முதுகுவலி வந்ததும், "ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்" என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. நானும் ஆறு வருடம் அதை நம்பினேன், உயிரியல் படித்தவள்! டிஸ்க் என்றார் ஒரு டாக்டர், படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வெடுத்தால்தான் வலி கூடியது. அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்து அடுப்படியில் நடமாடி, பால் காய்ச்சி, நாலு தோசை ஊற்றுவதற்குள் முதுகு கொஞ்சம் இளகும். பள்ளி நாட்களைவிட ஞாயிற்றுக்கிழமைகள் மோசம். கடைசியில் ஒரு இளம் டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் திசையை மாற்றியது: "படுத்தா குறையுதா, நடந்தா குறையுதா?" அடுத்து, வீட்டில் யாருக்காவது கண் அடிக்கடி சிவக்குமா என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அண்ணனும் பயந்து டெஸ்ட் எடுத்தார். அவரும் பாசிட்டிவ். ஆனால் இன்று அவருக்கு 49 வயது, தினமும் ஷட்டில் ஆடுகிறார், முதுகில் ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லை. ஒரே அப்பாவிடமிருந்து வந்த ஒரே ஜீன்தான் இரண்டு பேரிடமும்.

இந்த வித்தியாசம் ஏன் என்று புரிய, அந்த ஜீன் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். முதலில் ஒரு தப்பெண்ணம். பி27 என்பது கெட்டுப்போன ஜீன் இல்லை. எச்எல்ஏ-பி என்ற ஜீன் எல்லோரிடமும் இருக்கிறது, ஆறாவது குரோமோசோமில். அதற்கு ஆயிரக்கணக்கான வடிவங்கள், கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அக்காவுக்கு எந்த வீட்டில் நேற்று மீன் குழம்பு, எந்த வீட்டில் மருந்து மாத்திரை அதிகம் என்பதெல்லாம் அத்துப்படி. யார் வீட்டுக்குள்ளும் அவர் போவதில்லை, வாசலில் வைத்த கூடையைப் பார்க்கிறார். நம் செல்களும் அப்படித்தான். உள்ளே இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டாக எச்எல்ஏ என்ற கூடையில் வைத்து வெளியே நீட்டுகின்றன. நோய் எதிர்ப்புக் காவலர்களான டி செல்கள் அதைப் பார்த்துக்கொண்டே ரோந்து போகின்றன. வைரஸின் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லையே தீர்த்துவிடுகின்றன. கூடையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், அதில் அடங்கும் துண்டுகளும் மாறும். பி27 கூடையில் ஒரு குழி இருக்கிறது. துண்டின் இரண்டாவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அதில் கச்சிதமாக உட்காரும்.

இதனால் நன்மையும் உண்டு. எச்ஐவி தொற்றியவர்களில் பி27 உள்ளவர்களுக்கு எய்ட்ஸ் நிலை வர அதிக காலம் ஆகிறது. ஹெபடைட்டிஸ் சி வைரஸைத் தானாகவே விரட்டும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். வைரஸின் முக்கியமான துண்டுகளை இந்தக் கூடை நன்றாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆக, என் அப்பா எனக்குக் கொடுத்தது சாபம் மட்டும் இல்லை. மாமியார் வீட்டில் யாராவது பேசினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த நோய்க்கும் பி27க்கும் உள்ள தொடர்பை 1973இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. லண்டனில் டெரிக் பிரூவர்டன் குழு பரிசோதித்த 75 ஏஎஸ் நோயாளிகளில் 72 பேரிடம் அது இருந்தது. ஒப்பிட எடுத்த 75 பேரில் 3 பேரிடம் மட்டும். லாஸ் ஏஞ்சலஸில் பால் டெராசாகியின் ஆய்வகத்தில் 40 நோயாளிகளில் 35 பேர். மருத்துவத்தில் ஒரு ஜீனுக்கும் ஒரு பொதுவான நோய்க்கும் இவ்வளவு அழுத்தமான முடிச்சைப் பார்ப்பது அபூர்வம்.

இந்த எண்களைக் கேட்டவுடன் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நோயாளிகளில் பெரும்பாலானோர் பி27 என்பதும், பி27 உள்ளவர்களில் பெரும்பாலானோர் நோயாளிகள் என்பதும் ஒன்றல்ல. பி27 உள்ள நூறு பேரில் ஏஎஸ் வருவது ஐந்து பேருக்கு, அல்லது அதற்கும் குறைவு. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா பழங்குடியினரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்த ஜீன் இருக்கிறது. அதற்காக அங்கே பாதி ஊர் கூனிக்கிடக்கவில்லை. மறுபக்கம், பி27 இல்லாமலே ஏஎஸ் வந்தவர்களும் உண்டு. நெகட்டிவ் என்று வந்ததும் "அப்போ ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டு வருடக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி உங்கள் மகன் கணக்கு. உங்களிடம் ஆறாவது குரோமோசோம் இரண்டு. ஒன்றில்தான் பி27 இருக்கும், பெரும்பாலும். அவனுக்கு அது போயிருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. போயிருந்தாலும், நோயாளியின் நேரடி ரத்த உறவில் பி27 உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதுக்குள். இரண்டையும் பெருக்கினால் பத்தில் ஒன்று, அல்லது அதற்கும் கீழே. இன்று டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் என்று வந்தால் என்ன செய்யப்போகிறீர்கள்? வராமல் தடுக்க மருந்து கிடையாது. ஓடாதே, குதிக்காதே என்று பிள்ளையை மூலையில் உட்காரவைப்பதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. இந்த நோய்க்கு அதைவிடக் கெடுதல் கிடையாது.

மீதியைத் தீர்மானிப்பது எது? வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் எலிகள். 1990இல் டெக்சஸில் ஜோயல் டாரோக் குழுவினர் மனித பி27 ஜீனை எலிகளுக்குள் புகுத்தினார்கள். எலிகளுக்குக் குடல் அழற்சி வந்தது, மூட்டு வீங்கியது. பிறகு அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் பிறந்ததிலிருந்து வளர்த்தார்கள். குடலும் மூட்டும் நன்றாகவே இருந்தன. ஜீன் அப்படியே இருக்கிறது, குடலில் பாக்டீரியா இல்லை, நோயும் இல்லை. மனிதர்களில் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் ஒருவருக்கு ஏஎஸ் வந்து மற்றவருக்கு வராத ஜோடிகள் உண்டு.

அடுத்தது வேறு ஜீன்கள். 2007இல் மரபணுத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான இடங்களை அலசியபோது ஈஆர்ஏபி1 என்ற பெயர் மேலே வந்தது. அது ஒரு அரிவாள்மனை. கூடையில் வைக்கும்முன் புரதத் துண்டை அளவாக நறுக்குவது இதன் வேலை, வழக்கமாக ஒன்பது அமினோ அமில நீளத்துக்கு. பின்னால் வந்த ஆய்வில், இந்த அரிவாள்மனை எந்த வகை என்பது பி27 உள்ளவர்களிடம்தான் நோயைக் கூட்டிக் குறைக்கிறது என்று தெரிந்தது. கூடையும் அரிவாள்மனையும் கூட்டாளிகள்! பி27 என்பதிலேயே நூற்றுக்கும் மேல் உட்பிரிவு. பரவலாக இருக்கும் 05 வகைக்கும், சார்டினியாத் தீவில் காணப்படும் 09 வகைக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். முதலாவதற்கு நோயோடு தொடர்பு, இரண்டாவதற்கு இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் வெறும் பாசிட்டிவ் என்றுதான் இருக்கும், எந்த வகை என்று இருக்காது.

சரி, கூடை என்ன தப்பு செய்கிறது? ஐம்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். செல்லுக்குள்ளேயே அது சரியாக மடியாமல் சிக்கிக்கொண்டு செல்லைத் தொந்தரவு செய்கிறது என்பது ஒரு கட்சி. நம் உடலின் துண்டு ஒன்று பாக்டீரியாவின் துண்டைப் போலவே தோற்றமளித்து டி செல்லை ஏமாற்றுகிறது என்பது இன்னொன்று. 2022இல் இரண்டாவது கட்சிக்கு நல்ல சான்று கிடைத்தது. நோயாளிகளின் மூட்டிலும் கண்ணிலும் இருந்த டி செல்களின் ஏற்பிகள், பி27 நீட்டிய பாக்டீரியத் துண்டையும் சொந்த உடலின் துண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டன. மூட்டும் கண்ணும்! அப்பாவுக்கு ஏன் இரண்டும் வந்தன என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான விளக்கம் அது.

ஜீன் தெரிந்தால் மருந்து தெரிந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். ஐஎல்-23 என்ற சமிக்ஞையின் ஏற்பிக்கான ஜீனும் ஏஎஸ் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஐஎல்-23ஐத் தடுக்கும் ஊசிகளை எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். சொரியாசிஸ் என்ற தோல்நோயில் அற்புதமாக வேலை செய்த அந்த ஊசிகள் முதுகெலும்பில் தோற்றுப்போயின. அதற்கு அடுத்த படியில் உள்ள ஐஎல்-17ஐத் தடுக்கும் ஊசி வேலை செய்கிறது. டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிச் சமிக்ஞையைத் தடுப்பதும் வேலை செய்கிறது. நான் போடும் அடாலிமுமாப் இந்த இரண்டாம் ரகம், 2014 முதல் நம் நாட்டிலேயே தயாராகிறது. தொடங்கும் முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். உங்களுக்குச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், நம் ஊரில் அது சம்பிரதாயக் கேள்வி இல்லை.

சித்தியின் முடக்குவாதம் வேறு கணக்கு. அங்கே பேசப்படுவது எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற வேறு ஜீன், அதுவும் ஆறாவது குரோமோசோமில் பக்கத்துத் தெருதான். அந்த ஜீனின் ஆபத்தான வடிவங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு சிறு அமினோ அமில வரிசை இருப்பதை 1987இல் காட்டினார்கள். அந்த வடிவத்தோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சித்தி மகன் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், டெஸ்டைவிட அதில் பலன் அதிகம்.

உங்கள் ரிப்போர்ட்டில் எந்த முறையில் பார்த்தார்கள் என்றும் கவனியுங்கள். செல்லின் மேலே உள்ள கூடையைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பி7 போன்ற உறவுக்கார வடிவங்கள் சிலசமயம் பி27 போல ஏமாற்றும். சந்தேகமான முடிவு என்றால் ஜீனையே நேரடியாகப் பார்க்கும் பிசிஆர் முறையில் உறுதிசெய்யலாம். எம்ஆர்ஐயே தெளிவாக இருக்கும்போது உங்களுக்கு அது அவசியமில்லை.

பையனிடம் பார்க்கவேண்டியவை வேறு. காலையில் எழுந்ததும் நொண்டுகிறானா, குதிகால் வலி வாரக்கணக்கில் போகாமல் இருக்கிறதா, ஒரு முட்டி மட்டும் வீங்குகிறதா, கண் சிவந்து வெளிச்சத்துக்குக் கூசுகிறதா. இருந்தால் அன்றைக்கே ருமட்டாலஜிஸ்ட், கண் என்றால் கண் டாக்டர்.

என் மகளுக்குப் பதினேழு வயது. டெஸ்ட் எடுக்கவில்லை. போன மாதம் நாத்தனார் வந்திருந்தபோது, "நாளைக்குக் கல்யாணம்னு வந்தா ஜாதகத்தோட அந்த ரிப்போர்ட்டையும் கேப்பாங்களே" என்றார். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அவங்க பையனோட எச்எல்ஏவையும் வாங்கிக் குடுங்க அத்தை, நானும் பாக்கறேன்" என்றாள்.