நகரமைப்பு படிக்க 40 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. பி.ஆர்க் முடித்துவிட்டு கோவையில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 30,000 ரூபாய். நகரமைப்பில் முதுநிலைப் படிப்புக்கு அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு 50 லட்சம் ஆகும். கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஐஐடி கரக்பூரிலும் எம்.சி.பி. (நகரமைப்பு முதுநிலைப் படிப்பு) இடம் கிடைத்திருக்கிறது. கையில் 10 லட்சம் இருக்கிறது. மீதிக்கு, 2009-ல் ஊருக்கு வெளியே வாங்கிய மனையை அடமானம் வைக்கலாம் என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த மனை. அது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்றதா? அந்தக் காலத்தில் வயலில் கல் ஊன்றி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றவை ஏராளம். அப்படிப்பட்ட மனையின் பத்திரத்தை வங்கியின் வக்கீல் பார்த்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். 20.10.2016-க்கு முன் பதிவான மனைகளை 2017-ல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்துகொள்ள அரசு வழி செய்தது. அந்த வரன்முறை உத்தரவு அப்பாவிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடமானப் பேச்சே எழாது. (மனைப்பிரிவு, சாலை அகலம், பூங்காவுக்கு விட வேண்டிய 10 சதவீதம்... நீங்கள் படிக்கப் போவதும் இந்தச் சங்கதியைத்தான்!)

சரி, மனையில் வில்லங்கம் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி. வருடத்துக்குப் பாதியாகப் பணம் வாங்குகிறீர்கள். முதல் வருட வட்டி 2 லட்சம், இரண்டாம் வருடம் 4 லட்சம். படிப்பு முடிந்த பிறகு தவணை தொடங்க வங்கி ஒரு வருடம் அவகாசம் தரும், அதற்கும் 4 லட்சம். தனிவட்டியாகப் போட்டாலே, முதல் தவணை கட்டும் நாளில் நீங்கள் 50 லட்சத்துக்குக் கடன்காரர். 10 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 66,000 ரூபாய். 15 வருடம் என்றால் சுமார் 53,700.

அமெரிக்கச் சம்பளத்துக்கு இது பெரிய தொகை இல்லை. அங்கே இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வருடம் 80,000 டாலருக்குக் குறையாமல் வாங்குகிறார்கள். ஆனால் அந்த வேலைகளில் பெரும்பாலானவை நகராட்சி, கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகங்களில் இருக்கின்றன. ஐடி கம்பெனிகளைப் போல அவை வெளிநாட்டு ஊழியருக்கான எச்1பி வேலை விசாவுக்கு விண்ணப்பிப்பது அபூர்வம். தனியார் ஆலோசனை நிறுவனங்கள் சில விண்ணப்பிக்கும். வெளிநாட்டு மாணவர்கள் அத்தனை பேரும் மோதுவது அங்கேதான்.

படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓபிடி வேலை அனுமதி 12 மாதம். படிப்பு 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். நகரமைப்புப் படிப்புகள் எல்லாமே அந்தப் பட்டியலில் வருவதில்லை. உங்கள் படிப்பு வருகிறதா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வராது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வங்கி தரும் அவகாசமும் ஒரு வருடம், ஓபிடியும் ஒரு வருடம். தவணை தொடங்குகிற சமயத்தில் நீங்கள் ஊர் திரும்ப விமானம் ஏறிக்கொண்டிருப்பீர்கள். இங்கே வந்து தேடிக்கொள்ளும் முதல் வேலையில், சம்பளம் முழுவதும் தவணைக்கே போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கரக்பூர் கணக்கு எளிது. கேட் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், 24 மாதத்துக்கு 2,97,600. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்தாலும் கையிலிருக்கும் 10 லட்சத்துக்குள் அடங்கிவிடும். கடனே வேண்டாம். வேலை? மாநில நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை, ஒப்புதல் பெற்ற பணியிடங்களோ 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் ஏறக்குறைய பாதி காலி என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-ல் சொன்னது. இதைப் பார்த்து ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். காலி நாற்காலி யாருக்கும் சம்பளம் தராது. டிஎன்பிஎஸ்சி நடத்தும் நகரமைப்பு உதவி இயக்குநர் தேர்வும் வருடா வருடம் வருவதில்லை. இருந்தாலும் கடன் இல்லாதவரால் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்க முடியும். மாதம் 66,000 கட்டுபவரால் முடியாது.

அமெரிக்காவுக்கே போக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் நகரமைப்புத் துறைக்கு மடல் எழுதி, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் உதவியாளர் பணி கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்து, கடன் 15 லட்சத்துக்குள் நின்றால் தாராளமாகப் போகலாம். மேலே போட்டதுபோல் மூன்று வருட வட்டியையும் சேர்த்தால் 10 வருடத் தவணை சுமார் 24,800 வரும், இங்கே திரும்பி வந்தாலும் கட்டிவிடலாம். கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான் உண்டு, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பதில் வரும்வரை கரக்பூரில் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்து வையுங்கள். மனையை அடமானம் வைக்காவிட்டாலும் வரன்முறை உத்தரவைத் தேடி எடுத்துவிடுங்கள், அப்பா விற்க நினைக்கும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.