ஜிபியிடம் சொன்னால் பொலிஸ் வருமா?

இங்கிலாந்தில் ஜிபியாக, அதாவது குடும்ப வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவர் எழுதும் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டொக்டர் அக்கா. வயது 44. வேலை போய் ஐந்து மாதம். தை மாதம் ஊரில் அப்பா தவறிவிட்டார், செத்தவீட்டுக்குப் போகக்கூட முடியவில்லை. நித்திரை இல்லை. விடியப்புறம் எழும்பியிருந்து, நான் இல்லாவிட்டால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள் என்று யோசிக்கிறேன். மனைவி ஜிபியிடம் போகச் சொல்லி ஒரே ஆக்கினை. என்னிடம் .22 எயார் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துவக்கு) ஒன்று இருக்கிறது. பின்வளவில் தகரப்பேணிக்குக் குறி வைத்துச் சுடுவதுதான் எனக்கிருக்கும் ஒரே பொழுதுபோக்கு. கிளப்பில் சேர்ந்து பெரிய ரைபிளுக்கு லைசென்ஸ் எடுக்கும் எண்ணமும் உண்டு. டொக்டரிடம் மனசைப் பற்றிக் கதைத்தால் அவர் பொலிஸுக்கு அறிவிப்பார், துவக்கை எடுத்துக்கொண்டு போவார்கள், ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடைக்காது என்கிறான் நண்பன். உண்மையா?
பெயர் வேண்டாம், ஹரோ

பதில்: தம்பி, துவக்குக் கதைக்குப் பிறகு வருகிறேன். விடியப்புறம் வருகிற அந்த யோசனையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை வாசித்து முடித்ததும் சேர்ஜரிக்கு, அதாவது உங்கள் ஜிபியின் கிளினிக்குக்கு, அழையுங்கள். ரிசெப்ஷனில் இருப்பவரிடம் சுற்றிவளைக்காமல் “எனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது” என்று சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள், மனநலப் பிரிவுக்குப் போகும். மனம் உடைந்தவர்கள் கதைப்பதற்கென்று உள்ள சமாரிட்டன்ஸ் தொலைபேசிச் சேவை 116 123, எந்த நேரமும், இலவசம். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 999. ஆங்கிலத்தில் மனசைத் திறப்பது கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சேர்ஜரியில் கேளுங்கள், அதற்குக் காசில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதீர்கள். அந்தப் பாரத்தைப் பிள்ளை சுமக்கக் கூடாது.

இனி நண்பர் சொன்னது. அவர் இரண்டு வேறு சட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-இறாத்தலுக்கு (சன்னம் பாயும் சக்தியை அளக்கும் அலகு) மேற்படாத சக்தியுள்ள எயார் ரைபிளையும், 6 அடி-இறாத்தலுக்கு மேற்படாத எயார் பிஸ்டலையும் 18 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே வைத்திருக்கலாம். கடையில் சாதாரணமாக வாங்கும் .22 இந்த எல்லைக்குள்தான் இருக்கும். ஆகவே பறிப்பதற்கு உங்களிடம் லைசென்ஸே இல்லை. 3 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு எயார் ரைபிளும் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை. 3 வருடமோ அதற்கு மேலோ என்றால் வாழ்நாள் தடை. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கு அப்படி ஒரு தடை சட்டத்தில் கிடையாது.

வைத்தியரிடம் நீங்கள் சொல்வது அந்த அறைக்குள் நிற்கும். நித்திரை இல்லை, அழுகை வருகிறது, சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னதற்காக அவர் பொலிஸுக்கு அழைப்பதில்லை. வைத்தியர்களுக்கான ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் வழிகாட்டல் வெளியே சொல்ல இடம்கொடுக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு. முக்கியமானது, சொல்லாமல் விட்டால் இன்னொருவருக்கு மரணமோ பாரதூரமான தீங்கோ வரக்கூடும் என்ற நிலை. “இவனைச் சுடப்போகிறேன்” என்று ஒருவர் வந்து சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். அப்போதும், ஆபத்தைக் கூட்டாது என்றால், சொல்லப்போவதை முதலில் அவரிடமே சொல்லிவிட்டுத்தான் சொல்வோம்.

என் அறைக்கு வந்த எங்கள் ஆட்கள் பலர் கதிரை நுனியில் இருந்துகொண்டு நித்திரைக் குளிசை மட்டும் கேட்பார்கள். எழும்பிப் போய்க் கதவில் கை வைத்த பிறகுதான் உண்மை வெளியே வரும். திரும்ப இருத்திவைத்துக் கேட்பேன்: எப்படிச் சாவது என்று யோசித்திருக்கிறீர்களா? வீட்டில் மருந்து சேர்த்து வைத்திருக்கிறீர்களா? துவக்கு ஏதும் உண்டா, எங்கே இருக்கிறது, சாவி யாரிடம்? உங்கள் ஜிபியும் இதைக் கேட்கக்கூடும். பயப்படாமல் பதில் சொல்லுங்கள். உங்களை உயிரோடு வைத்திருக்கத்தான் அந்தக் கேள்விகள்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ரைபிளை இந்தக் கிழமையே வீட்டைவிட்டு அனுப்புங்கள். எயார் ரைபிள்தானே என்று நினைக்க வேண்டாம், கிட்ட வைத்துச் சுட்டால் அந்தச் சின்ன ஈயச் சன்னமும் உயிரைக் குடிக்கும். இங்கிலாந்திலேயே இருக்கும், தடையேதும் இல்லாத, 18 வயதுக்கு மேற்பட்ட உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். பதிவுபெற்ற துவக்கு வியாபாரிகளிடமும் வைத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். சன்னம் இல்லாமல், உறையில் போட்டு, நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீங்களே கொண்டுபோக வேண்டாம், மனைவியோ தம்பியோ கொண்டுபோகட்டும். சாகத் தூண்டும் வேகம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு எங்கள் நாடே சாட்சி. 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. சனத்தின் கவலை தீர்ந்துவிடவில்லை, போத்தல் கைக்கு எட்டவில்லை.

பெரிய ரைபிளின் கதை வேறு. அதற்கு பொலிஸ் கொடுக்கும் சேர்ட்டிபிக்கட் வேண்டும், அது 5 வருடத்துக்குச் செல்லும். 2021 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டலின்படி, வைத்தியர் ஒருவர் உங்கள் மருத்துவக் குறிப்பைப் பார்த்துத் தகவல் கொடுக்காமல் பொலிஸ் அதை வழங்கக் கூடாது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், பைபோலார், மறதிநோய், வலிப்பு, குடிப்பழக்கம் எல்லாம் அவர்கள் கேட்கும் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதாலேயே மறுப்பார்கள் என்றில்லை. சிகிச்சை எடுத்தாரா, இப்போது எப்படி இருக்கிறார் என்று பார்த்து பொலிஸ்தான் முடிவெடுக்கும், வைத்தியர் அல்ல. சேர்ட்டிபிக்கட் கிடைத்ததும் உங்கள் குறிப்பில் ஓர் அடையாளம் ஏறும். பிறகு கவலைப்படும்படி ஏதும் நடந்தால் அதைப் பார்த்து ஜிபி பொலிஸுக்கு அறிவிக்கலாம். விண்ணப்பத்தில் தெரிந்துகொண்டே பொய் எழுதுவது குற்றம்.

இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். முதலில் சுகமாகுங்கள். சிகிச்சை எடுத்துத் தேறியவர் என்ற குறிப்பு, ஒளித்துப் பிடிபட்டவர் என்ற குறிப்பைவிட எவ்வளவோ மேல். சேர்ஜரிக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: என் கணவர் ஷொட்கன் சேர்ட்டிபிக்கட் வைத்திருக்கிறார், பண்ணையில் புறா சுடப் போவார். கொஞ்ச நாளாகக் குடி கூடிவிட்டது. போன கிழமை குடித்துவிட்டு “எல்லாரையும் முடித்துவிட்டுப் போறன்” என்று கத்தினார். எங்கள் இருவருக்கும் ஒரே ஜிபிதான். அவருக்குத் தெரியாமல் நான் சொல்லலாமா? சொன்னால் குடும்ப மானம் போய்விடுமே?
கென்ட் வாசகி

பதில்: சொல்லலாம் தங்கச்சி, சொல்லத்தான் வேண்டும். ரகசியம் காக்கும் கடமை ஜிபியின் வாய்க்குத்தான், காதுக்கு இல்லை. அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை. நீங்கள்தான் சொன்னதென்று அவருக்குத் தெரியவரக் கூடாது என்பதையும் ஜிபியிடம் அப்போதே சொல்லிவையுங்கள்.

ஜிபியிடம் சொன்னதோடு நின்றுவிட வேண்டாம். “எல்லாரையும்” என்ற சொல்லில் நீங்களும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். பொலிஸின் அவசரமில்லாத இலக்கமான 101க்கு அழைத்து, துவக்கு லைசென்ஸ் பிரிவுக்குச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அப்படி அவர் திரும்பவும் மிரட்டினால், அந்த நிமிடமே பிள்ளைகளோடு வெளியே வந்து 999. விசாரித்து முடியும்வரை துவக்கை எடுத்து வைக்க பொலிஸால் முடியும். பயத்தில் நீங்களே எடுத்து ஒளிக்கப் போகாதீர்கள், சேர்ட்டிபிக்கட் இல்லாத உங்கள் கையில் அது இருப்பது சட்டப்படி பிரச்சினை. துவக்கு பூட்டிவைக்கும் அலுமாரியின் சாவியும் அவரைத் தவிர வேறொருவர் கையில் இருக்கக் கூடாது.

2021 ஓகஸ்ட் 12 அன்று பிளிமத்தின் கீஹாம் பகுதியில் ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அவனிடமிருந்து முன்பு எடுத்த ஷொட்கன்னை பொலிஸ் சில வாரங்களுக்கு முன்தான் திருப்பிக் கொடுத்திருந்தது. முதலில் சுட்டது தாயை. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. மானம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு நெஞ்சு பதறியது, அதனால் எழுதுகிறேன். அவர் குடிக்கு உதவி எடுத்துத் தேறினால் லைசென்ஸை பொலிஸ் மறுபடி பரிசீலிக்கலாம். சனம் கதைப்பது கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும்.

கேள்வி: லெஸ்டரிலிருந்து கிளாஸ்கோவுக்கு வீடு மாறுகிறோம். அத்தானின் எயார் ரைபிளையும் லொறியில் ஏற்றலாமா? மகனுக்கு 13 வயது, அவனும் ஆசைப்படுகிறான்.
லெஸ்டர் வாசகர்

பதில்: ஏற்ற வேண்டாம். ஸ்கொட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் எயார் கன்னுக்கும் பொலிஸ் ஸ்கொட்லாந்தின் சேர்ட்டிபிக்கட் வேண்டும். இல்லாமல் வைத்திருப்பது சிறைக்குப் போகக்கூடிய குற்றம். 2005இல் கிளாஸ்கோவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எயார் கன் சன்னம் பட்டு இறந்தது, சட்டம் இறுகியதற்கு அந்தச் சாவும் ஒரு காரணம். சேர்ட்டிபிக்கட் கையில் கிடைக்கும்வரை ரைபிள் லெஸ்டரில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். மகன் 14 வயதுக்கு முன் அங்கே சொந்தமாக விண்ணப்பிக்க முடியாது. நீங்கள் லெஸ்டரில் இருக்கும்வரைகூட, 18 வயதுக்குட்பட்டவன் கையில் அது தனியே அகப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய சட்டக் கடமை அத்தானுக்கு உண்டு. ரைபிளை ஓரிடத்திலும் சன்னப்பெட்டியை இன்னோரிடத்திலும் பூட்டி, இரண்டு சாவியையும் அவரே வைத்திருக்கச் சொல்லுங்கள்.