17 வயதுப் பூனையின் மறைவு: அப்பாவிடம் உண்மையைச் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. அம்மா வளர்த்த செல்லம்மை என்ற பூனை, 17 வயதில், சிறுநீரகம் பழுதாகி மூன்று வாரத்துக்கு முன் போய்விட்டது. இனி வேதனைதான் மிச்சம் என்று மருத்துவர் சொன்னதால், ஊசி போட்டு முடித்துவிட நானும் தம்பியும் ஒப்புக்கொண்டோம். 79 வயதான அப்பாவிடம், அதுவாகவே போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து பலா மூட்டில் (பலா மரத்தடியில்) அடக்கினோம். மழையில் அந்த இடம் தாழ்ந்துவிட்டது. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. காலையில் மீன்காரி கூப்பிட்டாலும் வாசலுக்குப் போவதில்லை. உறவினர்கள் “ஒரு பூனைக்குப் போயா இப்படி?” என்கிறார்கள். என் ஆறு வயது மகன், செல்லம்மை எப்போது வரும் என்று பாட்டாவிடமே (தாத்தாவிடமே) கேட்கிறான். இன்னொரு பூனை, 11 வயது, இரவெல்லாம் கத்துகிறது. தம்பி ஒரு பெர்சியன் குட்டி வாங்கித் தரலாம் என்கிறான். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா? நான் செய்தது பாவமா?

பதில்: உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு விவரத்திலிருந்து தொடங்குகிறேன். செல்லம்மை அம்மா வளர்த்த பூனை. அம்மாவின் கையால் சோறு தின்று, அவருடைய குரலுக்கு ஓடி வந்த உயிர், அவர் போன பிறகும் நான்கு வருடம் அந்த வீட்டில் அப்பாவோடு இருந்திருக்கிறது. அதனால் உங்கள் அப்பா இப்போது ஒரு சாவுக்காக மட்டும் துக்கப்படுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. மனைவி இறந்த நாளில் வீடு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வதிலும், அடியந்திரம் (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) முடியும்வரை ஆகவேண்டிய காரியங்களைப் பார்ப்பதிலும் நாட்கள் ஓடியிருக்கும். அப்படி அழாமல் நின்றவர்கள், ஆண்டுகள் கழித்து ஒரு வளர்ப்பு உயிரின் சாவில் முற்றிலும் உடைந்துபோவதை ஆலோசனை அறையில் பலமுறை கண்டிருக்கிறேன். இது பலவீனமோ மனக்கோளாறோ ஆகாது.

இந்தத் துக்கத்துக்கு ஒரு தனித்த கடினம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இல், சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஏற்காத துக்கத்தைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார். வளர்ப்பு விலங்கின் சாவு அதற்குத் தெளிவான உதாரணம். மனிதர் இறந்தால் நம் ஊரில் எந்த மதத்தாராக இருந்தாலும் நாள் கணக்கும் சடங்கும் உண்டு, வந்து கூட உட்காரும் உறவு உண்டு. பூனை இறந்தால் எதுவும் கிடையாது. அழுவதற்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே உறவினர்களின் அந்தக் கேள்விக்கு அப்பாவின் முன்னிலையிலேயே நீங்கள் பதில் சொல்லுங்கள். “17 வருஷம் எங்க வீட்டுல இருந்த உயிரு. அப்பாவுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும்” என்று ஒருமுறை அமைதியாகச் சொன்னால் போதும். தமக்காக ஒருவர் பேசினார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

முதியவரின் துக்கத்தைப் பொறுத்தவரை, பெரிய பேச்சுகளைவிட அன்றாட நேரங்களைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். வீட்டுப் பூனை ஒரு கடிகாரம்போல: விடியலில் எழுப்பும், மீன் வரும் நேரத்துக்கு வாசலுக்கு இழுக்கும், இரவில் கதவடைக்கும் முன் தேட வைக்கும். அது போனதும் நாளின் அந்தந்த இடங்களில் பள்ளம் விழுகிறது. துக்கம் சரியாக அந்த நேரங்களில்தான் பொங்குகிறது. அப்பா மீன்காரி கூப்பிட்டும் போகாதது இதனால்தான். சாளை (மத்தி மீன்) வாங்கினால் யாருக்கு என்ற கேள்வி அங்கே நிற்கிறது. அவரை அங்கே போகும்படி வற்புறுத்த வேண்டாம். கொஞ்ச நாள் நீங்கள் போங்கள், பிறகு “மத்த பூனைக்கு ரெண்டு சாளை வாங்கணும், கூட வாங்க அப்பா” என்று அழையுங்கள். மீதமிருக்கும் பூனைக்குச் சோறு வைக்கும் வேலையை மெல்ல அவர் கைக்கு மாற்றுங்கள். இன்னொன்றை இன்றே பாருங்கள்: இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், அது ஒழுங்காக நடக்கிறதா? பூனைக்கு வைத்துவிட்டுத் தாமும் சாப்பிட்டு மாத்திரை போடுவது என்று பழகிய முதியவர்களுக்கு, பூனை போனதும் மாத்திரையும் தவறிப்போவதுண்டு.

ஒரு நேரம் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துவிட்டு, மறுநேரம் அவர் முகம் வாடினால் குழம்ப வேண்டாம். துக்கம் படிப்படியாக இறங்கும் ஏணியல்ல; இழப்பை நினைப்பதற்கும் அன்றாட வாழ்வைப் பார்ப்பதற்கும் இடையே மனம் மாறிமாறிப் போய்வருவதே இயல்பு என்று ஸ்ட்ரோபே, ஷூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினார்கள். சிரிப்பு மறதியின் அடையாளம் ஆகாது.

இனி உங்கள் குற்றவுணர்ச்சி. முதிய பூனைகளுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் மிகப் பரவலாக வருவது. பூனையின் மூதாதை பாலைவனங்களையும் வறண்ட நிலங்களையும் சேர்ந்த காட்டுப்பூனை. சிறுநீரை மிக அடர்த்தியாக்கி நீரைச் சேமிக்கும் திறன் அதன் சிறுநீரகத்துக்கு உண்டு, அந்தத் தாங்குதிறனே பழுதையும் நெடுநாள் மறைக்கிறது. சிறுநீரகத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பிறகே வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) உயர்ந்து காட்டும். அதிகம் தண்ணீர் குடித்தல், அடிக்கடி சிறுநீர், மெலிவு, வாந்தி போன்றவை பெரும்பாலும் நோய் வெகுதூரம் வந்த பிறகே கண்ணில் படுகின்றன. பூனை வலியை மறைக்கும் பிராணி. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் வாழ்ந்த உயிரினம், நோயைக் காட்டிக்கொண்டால் ஆபத்து. முன்பே கண்டுபிடித்திருந்தால் எதுவுமே மாறியிருக்காது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். பாஸ்பரஸ் குறைந்த உணவாலும் நீர்ச்சத்து ஏற்றுவதாலும் சில பூனைகளுக்குக் காலம் நீளுகிறது. ஆனால் போன சிறுநீரகத்தை எந்தச் சிகிச்சையும் திரும்பக் கொண்டுவராது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 24, அதன்பின் ஆண்டுக்கு நான்கு என்ற வழக்கமான கணக்கில், செல்லம்மைக்கு மனித வயதில் 84.

ஊசியைப் பற்றி: பொதுவாக முதலில் மயக்கம் தரும் மருந்து, பிறகு அறுவைச் சிகிச்சையில் மயக்கத்துக்குப் பயன்படும் வகை மருந்து மிகை அளவில் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்படுகிறது. சில நொடிகளில் உணர்வு போகிறது, அதன் பிறகே மூச்சும் இதயமும் நிற்கின்றன. கண் மூடாமல் இருப்பது, தசை துடிப்பது, ஒன்றிரண்டு முறை மூச்சிழுப்பதுபோல உடல் அசைவது ஆகியவை உணர்வு போன பின் உடலில் நடப்பவை. நீங்கள் அருகில் இருந்து இவற்றைப் பார்த்து, அது வேதனைப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகிவிடும் நிலை ஒரு விலங்குக்கு வரலாம் என்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே ஏற்கிறது. நீங்கள் கேட்டது பாவமா என்று. மீள வழியில்லாத வேதனையைச் சில நாட்கள் நீட்டாமல், பொறுப்பை உங்கள் தோளில் வாங்கிக்கொண்டீர்கள். என் மனமறிந்து அதைப் பாவம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த முடிவை மறைத்தது வேறு விஷயம். அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தம்பிக்குத் தெரியும், மருத்துவமனையில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆறு வயதுப் பிள்ளையின் காதிலும் ஏதாவது விழுந்திருக்கலாம். இது என்றாவது அப்பாவுக்கு எட்டும். பிறர் வாயால் எட்டினால், ஊசியைவிட உங்கள் மறைப்புதான் அவரை அதிகம் வருத்தும். அதைவிட முக்கியமாக, அவரும் ஒரு குற்றவுணர்ச்சியைச் சுமந்துகொண்டிருக்கலாம். கடைசி நேரத்தில் தனியாகக் கிடந்து செத்ததோ, நான் கூட இருந்திருக்கலாமோ என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, அதன் அருகில் நீங்கள் இருந்தீர்கள், அது நோகாமல் போனது என்ற செய்தி ஆறுதலாகவே அமையக்கூடும். நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் ஒரே துக்கத்தைத் தனித்தனியாகச் சுமப்பதற்கு அந்த மறைப்பே காரணமாக இருக்கிறது.

அவர் ஓரளவு சாப்பிட்டுத் தூங்கத் தொடங்கிய பின், வீட்டில் வேறு ஆளில்லாத ஒரு பகல் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவில் வேண்டாம், படுத்த பின் தனியாக எண்ணிக்கொண்டிருப்பார். சுற்றி வளைக்காமல், “அப்பா, செல்லம்மை விஷயத்துல நான் ஒண்ணு மறைச்சிட்டேன். டாக்டர் இனி வேதனைதான்னு சொன்னாரு. ஊசி போடச் சொன்னது நான்தான். நான் அது பக்கத்துல இருந்தேன், நோவாம போச்சு. உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டேன்” என்ற அளவுக்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தம்பியும் சேர்ந்து முடிவெடுத்தார் என்பதை அவர் கேட்டால் சொன்னால் போதும். அவர் கோபப்படலாம், எழுந்து போய்விடலாம். விளக்கங்களோடு பின்னால் போக வேண்டாம். மறுநாள் வழக்கம்போல் சாயா கொண்டுபோய்க் கொடுத்து, அருகில் உட்காருங்கள். அவராக அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சை மாற்றாதீர்கள். அந்தப் பேச்சுக்கு நான்கு வருடம் வழியில்லாமல் இருந்திருக்கும். அவருக்கு நினைவாற்றல் குறைந்துவருகிறது என்றால் மட்டும் இந்த ஆலோசனை பொருந்தாது. அந்த நிலையில் மருத்துவரைக் கேட்டபின் முடிவெடுங்கள்.

பிள்ளையிடம், செல்லம்மை தூங்கிவிட்டது என்றோ ஊருக்குப் போயிருக்கிறது என்றோ சொல்ல வேண்டாம். சாவு திரும்ப வராதது என்பது ஆறு வயதில் இன்னும் முழுதாகப் பிடிபடாமல் இருக்கலாம். தூங்கியது என்று கேட்ட குழந்தை தான் தூங்கவும் பயப்படும். “அதுக்கு ரொம்ப வயசாச்சு, உடம்பு வேலை செய்யாம போச்சு, செத்துப்போச்சு, இனி வராது” என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டாவிடம் கேட்பதைத் தடுக்கவும் வேண்டாம். கேள்வி கேட்கும் பிள்ளையை மடியில் வைத்துப் பதில் சொல்வதில் அவருக்கே பாரம் இறங்கும்.

பலா மரத்தடிக் குழியைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் அது கவனிக்க வேண்டியது. ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும்; தெருநாய் தோண்டித் தின்றால் அதற்கும் உயிராபத்து. மண் தாழ்வது மழைக்காலத்தில் இயல்பு, திரும்பத் தோண்டிப் பார்க்க வேண்டாம். மேலே நன்றாக மண் ஏற்றி மிதித்து, பெரிய கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். பொதுவாக மூன்று அடிக்குக் குறையாத ஆழமும், கிணற்றுக்கு நல்ல தொலைவும் வேண்டும்; வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும் நம் மாவட்டத்தில் இது வெறும் சம்பிரதாயப் பேச்சல்ல. குழி ஆழமில்லாமல் போயிருந்தால் மண்மேட்டை அதற்கேற்ப உயர்த்துங்கள். கல் அடுக்கும் வேலைக்கு அப்பாவையும் அழைக்கலாம்.

மீதமிருக்கும் பூனை கத்துவது, செல்லம்மை படுத்த இடங்களைத் தேடுவது, உங்களை விட்டு நகராமல் இருப்பது எல்லாம் கூட வாழ்ந்த பூனையை இழந்த பூனைகளிடம் காணப்படும் மாற்றங்கள்தான். பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தணியும். சோறு வைக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். செல்லம்மை படுத்த துணியை உடனே துவைக்காமல் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள். இரவில் கத்தும்போதெல்லாம் எழுந்து தீனி வைத்தால் அதுவே பழக்கமாகிவிடும். அதற்குப் பதில் மாலையில் சற்று நேரம் விளையாட்டுக் காட்டி, படுக்குமுன் உணவு வையுங்கள். ஆனால் ஒன்றில் அலட்சியம் கூடாது: ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கவனிக்க வேண்டும், இரண்டு நாளானால் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். இரவில் கத்துவது முதிய பூனைகளுக்குத் தைராய்டு சுரப்பு மிகுவதாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் வரக்கூடியது என்பதால், 11 வயதுப் பூனைக்கு இந்தச் சாக்கில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுவது நல்லது.

அப்பாவுக்கு மருத்துவ உதவி எப்போது வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடை தளரும் அளவுக்கு மெலிந்தால், இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டால், குளிக்கவும் மாத்திரை போடவும் மனமில்லாமல் இருந்தால், இனி இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், காத்திருக்க வேண்டாம். நாகர்கோவில் அருகே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் நடந்துவரும் டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அப்பாவுக்காக நீங்கள் அழைத்துப் பேசலாம், உங்களுக்காகவும் அழைக்கலாம்.

தம்பியின் பெர்சியன் குட்டி யோசனை அன்பிலிருந்து வந்தது, ஆனால் இப்போது வேண்டாம். வீட்டிலிருக்கும் முதிய பூனைக்கு அது கூடுதல் நெருக்கடி. நீண்ட முடியைத் தினமும் வாரிவிட வேண்டும். தட்டை மூக்கால் மூச்சுச் சிரமம் உள்ள இனம் அது, நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சிரமப்படும். குட்டி 15 வருடம் வாழக்கூடியது, எனவே அப்பாவுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளப்போவது நீங்களா தம்பியா என்பதையும் இப்போதே பேச வேண்டியிருக்கும். பிறகு எப்போதாவது அப்பாவே பூனை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால், அக்கம்பக்கத்தில் வளர்ந்த, சாதுவான, தடுப்பூசி போட்ட ஒரு நாட்டுப் பூனையை அவரே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். அதுவரை எந்தக் குட்டிக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.