அப்பாவின் பிஎஸ்ஏவுக்குப் புது பேட்டரி

கேள்வி: ஐயா, என் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்த காலத்தில் ஓட்டிய 1955ஆம் ஆண்டு பிஎஸ்ஏ பி31 மோட்டார் சைக்கிள் இப்போது என்னிடம் இருக்கிறது. இன்ஜின் இரண்டாவது உதையிலேயே எழுந்துகொள்கிறது. ஆனால் 6 வோல்ட் பேட்டரி சில மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை. முன்விளக்கும் அகல்விளக்குபோல மினுங்குகிறது. 12 வோல்ட் லித்தியம் பேட்டரியும் எல்இடி பல்புகளும் போட்டுவிடலாமா? அப்பா பார்த்த வண்டியின் தோற்றம் மாறக்கூடாது.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: 12 வோல்ட் போடலாம், தம்பி. லித்தியம் வேண்டாம். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு மாலைப் பொழுதை டைனமோவுக்கு ஒதுக்குங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை பேட்டரி சாகிறது என்றால், பெரும்பாலும் அது பட்டினி கிடந்து சாகிறது. ஊட்டுகிற கையைச் சரிசெய்யாமல் புதுப் பிள்ளையைக் கொண்டுவந்து என்ன பயன்?

உங்கள் வண்டியில் இருப்பது லூக்காஸ் ஈ3எல் டைனமோவாக இருக்க வேண்டும். அதன் உடலில் பொறித்திருப்பதைப் பாருங்கள். அது 60 வாட் தரும். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான். பர்மிங்ஹாமில் அதைப் பொருத்தியவர்கள் இரவில் மட்டும் விளக்கெரியும் என்று கணக்குப் போட்டார்கள். நம் மலேசியாவிலோ 1992 முதல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். ஃபெரியில் இறங்கி ஜார்ஜ்டவுன் நெரிசலில் ஊர்ந்து போகும்போது விளக்குத் தொப்பியில் உள்ள, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டரைக் கவனியுங்கள். முள் இடப்பக்கமே சாய்ந்து கிடக்கும். டைனமோ தருவதைவிட விளக்கு அதிகம் தின்கிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

சோதனை எளிது. டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு முனைகளிலிருந்து, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணையுங்கள். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை அந்த இணைப்பிலும், மற்றதை டைனமோவின் உடலிலும் வையுங்கள். இன்ஜினை ஐடிலுக்குச் சற்று மேலே மட்டும் ஓட்டினால் வோல்ட் சீராக ஏற வேண்டும். முறுக்கிவிடாதீர்கள், கட்டுப்பாடு இல்லாத நிலையில் வோல்ட் தாறுமாறாக ஏறிச் சுருளைச் சுட்டுவிடும். முள் அசையவே இல்லை என்றால் டைனமோவுக்குள் இருக்கும் கார்பன் பிரஷையும், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

டைனமோ நன்றாக இருந்தால் குற்றவாளி அந்தப் பழைய ரெகுலேட்டர் பெட்டிதான். உள்ளே சுருளும், மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுக்கும் கட்அவுட் என்ற சுவிட்சும், துடிக்கும் தொடுபுள்ளிகளுமாக இருக்கும். ஜெலுத்தோங்கில் நான் பட்டறை வைத்திருந்த நாளில், அப்படி ஒரு கட்அவுட் ஒட்டிக்கொண்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் நின்ற பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் ஓடியிருக்கிறது. சீட்டுக்குக் கீழே துணி சுற்றிய ஒயர் கருகி, தார் உருகிய வாடை பட்டறை முழுக்க நின்றது. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் டேங்க் வரை தீ எட்டியிருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஃபியூஸ் என்பதே கிடையாது. மின்னணு ரெகுலேட்டர் வாங்குங்கள். பழைய பெட்டியின் மூடிக்குள்ளேயே அடங்கும் வகை கிடைக்கிறது. பேட்டரியின் மைனஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள்.

மைனஸ் என்று தெரிந்துதான் எழுதினேன். உங்கள் வண்டியில் பிளஸ்தான் பாடியோடு சேர வேண்டும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. பழக்கத்தில் நான் ஒரு முறை மைனஸை வண்டிச் சட்டத்தில் முடுக்கிவிட்டேன். பெட்டியைத் திறக்கும் முன்பே புது ரெகுலேட்டர் போய்விட்டது, பணத்தை நானே கொடுத்தேன். அன்றிலிருந்து, பேட்டரி ஒயர் பாடியோடு சேரும் எர்த் போல்ட்டில் சிவப்பு டேப் சுற்றாமல் எந்த இங்கிலாந்து வண்டியையும் தொடுவதில்லை. எல்இடி பல்பு வாங்கும்போதும் ‘பாசிட்டிவ் எர்த்’ வண்டிக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஏன் 12 வோல்ட்? 30 வாட் பல்பு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் இரண்டரைதான். மின்னோட்டம் பாதியானால் அதே ஒயரில் வீணாகும் சக்தி கால்பங்காகக் குறையும். அகல்விளக்கு வெளிச்சத்துக்குப் பாதிக் காரணம் துருப்பிடித்த இணைப்புகள்தான். கடற்காற்று அடிக்கும் ஊரில் அவற்றை உப்புத்தாளால் தேய்த்தாலே வித்தியாசம் தெரியும். டைனமோவை மாற்ற வேண்டியதில்லை. 12 வோல்ட் ரெகுலேட்டர் போதும். சார்ஜ் ஏறத் தொடங்கும் வேகம் மட்டும் சற்றுக் கூடும். எல்இடி குறைவாகத் தின்பதால் அது ஈடுகட்டிவிடும். எல்லா பல்புகளையும் ஹாரனையும் அதே நாளில் மாற்றுங்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடிதான் நன்றாகத் தெரியும், ஆனால் நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும், மறந்துவிடாதீர்கள். முன்விளக்கு எல்இடியை இரவில் ஒரு சுவருக்கு எதிரே வைத்துப் பாருங்கள். ஒளி சிதறி மேலே அடித்தால் எதிரே வருகிறவரின் கண்ணைக் கெடுக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹாலஜன் போடுங்கள்.

லித்தியம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், உங்கள் இன்ஜினுக்குப் பொறி தருவது, தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ. பேட்டரி இல்லாமலே வண்டி ஓடும், செல்ஃப் ஸ்டார்ட்டரும் கிடையாது. பெரும் மின்னோட்டத்துக்குத் தேவையே இல்லாத இடத்தில், 14.6 வோல்ட்டுக்கு மேல் போனால் கெட்டுப்போகிற, விலை கூடிய பொருள் எதற்கு? வீட்டு ஆட்டோகேட்டில் இருக்குமே, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத ஈய பேட்டரி, அந்த வகை போதும். எமர்ஜென்சி விளக்குக்குப் போடும் 6 வோல்ட் 4 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, அப்பா காலத்துப் பழைய பேட்டரியின் கறுப்பு ரப்பர் பெட்டியைக் குடைந்து உள்ளே இறக்கிவிடுங்கள். முதலில் அளவெடுத்துக்கொள்ளுங்கள். மூடியைப் போட்டுவிட்டால் எந்த மாற்றமும் வெளியே தெரியாது. பழைய ஒயர்களை வெட்டாதீர்கள். பெயர்ச் சீட்டு கட்டி ஒரு பையில் வையுங்கள்.

கேள்வி: என் 6 வோல்ட் ஹோண்டா சி70இல் பிரேக் பல்பும் சிக்னல் பல்பும் மாற்ற மாற்ற எரிந்துபோகின்றன. 12 வோல்ட் பேட்டரி போட்டால் தீருமா?
– வாசகி, செந்தூல்

பதில்: தீராது, அம்மா. 6 வோல்ட்டுக்குச் சுற்றிய சுருள் 12 வோல்ட் பேட்டரியைச் சரியாக நிரப்பாது. அந்த வண்டியில் பேட்டரிதான் வோல்ட்டை அடக்கிவைக்கிறது. அது செத்துவிட்டாலோ ஒயர் கழன்றிருந்தாலோ அடங்காத வோல்ட் நேராகப் பல்புக்குப் போகும். நல்ல 6 வோல்ட் பேட்டரி ஒன்று போட்டு, அதன் ஃபியூஸ் பிடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பல்பு வாங்கும் வேலை அதோடு நிற்கும்.