27 வயதில் மருத்துவம் – கடிதம்

அன்புள்ள சார்,

நியூஜெர்சி எடிசனில் இருக்கிறேன். 1998ல் வந்தவன். மகளுக்கு 27 வயது. இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தாள், ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) நான்குக்கு 3.6. ஐந்து வருஷமாக மன்ஹாட்டனில் கன்சல்டிங் வேலை. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், வேலையை விட்டுவிட்டு டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்றாள். கல்லூரியில் உயிரியல், வேதியியல் பக்கமே போனதில்லை. அதற்காகவே போஸ்ட்-பேக் என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். பிரின் மார் கல்லூரி, கொலம்பியா பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் வேலையில் இருந்துகொண்டே பக்கத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் மாலையில் தனித்தனிப் பாடமாக எடுப்பது. மூன்றையும் எக்செல்லில் போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாள். நல்ல போஸ்ட்-பேக்கில் முடித்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மருத்துவப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள் என்கிறாள். என் தங்கை பையன் திருச்சியில் 23 வயதில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டான். மனைவி இந்தப் பேச்சை எடுத்தாலே சமையலறைக்குள் போய்விடுகிறாள். நீங்கள் மாலை வகுப்புகளில் கெமிஸ்ட்ரி லேப் எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது?

ரா.

அன்புள்ள ரா.,

முதலில் அந்த 90 சதவீதம். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருடைய 90 சதவீதம் என்று கேட்க வேண்டும். நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 52 ஆயிரம் பேர் விண்ணப்பித்து, 23 ஆயிரம் பேர்தான் சேர்கிறார்கள். பாதிக்கும் கீழே. இதில் ஒரு கல்லூரி மட்டும் 90 காட்டுகிறது என்றால் வடிகட்டுவது வேறெங்கோ நடக்கிறது. சேர்க்கும்போதே பொறுக்கி எடுக்கிறார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சிலர் தாமாகவே நின்றுவிடுகிறார்கள். மிச்சமிருப்பவர்களில் மதிப்பெண் குறைந்தவர்களுக்குக் கமிட்டி லெட்டர், அதாவது கல்லூரியே மருத்துவப் பள்ளிக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம், தராமல் இருக்கும் இடங்களும் உண்டு. அந்த லெட்டர் இல்லாமல் அதே கல்லூரியிலிருந்து விண்ணப்பித்தால், ஏன் இல்லை என்று மருத்துவப் பள்ளி கேட்கும். ஆகவே மகளை மூன்று எண் கேட்கச் சொல்லுங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேருக்கு லெட்டர் கிடைத்தது, அவர்களில் எத்தனை பேருக்கு முதல் முறையே இடம் கிடைத்தது. மூன்றையும் சதவீதமாக்கிப் பெருக்கி வருவதை எக்செல்லில் போடட்டும்.

நான் எட்டு வருஷம் மாலை ஆறிலிருந்து பத்து வரை ஆர்கானிக் லேப் எடுத்தேன். ஆபீஸ் ஷூவோடு வந்து கண்ணாடி மாட்டிக்கொள்ளும் கூட்டம். அதில் ஒரு வங்கிக்காரர், முப்பதைத் தாண்டியவர், கெட்டிக்காரர். அன்றைக்குப் பிரிபுனலில் பிரித்தெடுக்கும் சோதனை. மேலே ஈதர், கீழே தண்ணீர், நமக்கு வேண்டிய சரக்கு ஈதரில் இருக்கிறது. அவர் கீழே இருந்த தண்ணீரைப் பத்திரமாகப் பீக்கரில் பிடித்து வைத்துவிட்டு, ஈதரைக் கழிவு டப்பாவில் ஊற்றிவிட்டார். மணி ஒன்பது பத்து. மூன்று மணி நேர வேலை டப்பாவுக்குள். கடைசிவரை எதையும் கொட்டாதீர்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன், அவருக்கும் தெரியும். ஆனால் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை, முந்தின இரவு பிஸிக்ஸ் லேப், காலையில் ஆபீஸ். அந்தப் பருவத்தில் இரண்டு பாடத்திலும் சி. அடுத்த வருஷம் ஒன்றை மட்டும் எடுத்து ஏ வாங்கினார். என்ன பிரயோஜனம்? மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், திரும்ப எழுதினால் பழையதை அழிப்பதில்லை. சி, ஏ இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும்.

உங்கள் மகளுக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். அவள் கையில் ஏற்கெனவே பட்டப்படிப்பில் எடுத்த 120 கிரெடிட் இருக்கும். புதிதாக 36 கிரெடிட் எடுத்து, அத்தனையிலும் ஏ வாங்கினாலும் மொத்த ஜிபிஏ 3.6லிருந்து 3.69தான் ஆகும். ஆனால் ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ போடுகிறது. பொருளாதாரம் அதில் சேராது. கால்குலஸ், புள்ளியியல் என்று இரண்டு மூன்று பாடம் எடுத்திருந்தால் அவை வரும். மற்றபடி அந்தப் பக்கம் வெள்ளைத்தாள், இனி எழுதுவதுதான் கணக்கு.

அதனால் எந்தக் கல்லூரி என்பதைவிட ஒரு பருவத்தில் எத்தனை லேப் பாடம் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். வேலையில் இருந்துகொண்டு படித்தால் ஒன்று. இரண்டு என்றால் வேலையை விட வேண்டும்.

பிரின் மார் 1972லிருந்து இதை நடத்துகிறது. கோடையில் தொடங்கி ஒரே வருஷத்தில் எல்லாப் பாடத்தையும் முடித்துவிடுவார்கள். கல்லூரியில் அறிவியலே படிக்காதவர்களுக்கென்று வைத்தது, அந்த வகையில் உங்கள் மகளுக்குப் பொருத்தம்தான். கொலம்பியா 1955லிருந்து நடத்துகிறது, பெரிய கூட்டம், பலர் நிதானமாகப் படிக்கிறார்கள். இந்தப் பெயர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் கிடைப்பது மருத்துவப் பள்ளியில் இடம் அல்ல. ஆலோசகர், கமிட்டி லெட்டர், கூடப் படிக்கும் நாலு பேர், அப்புறம் லேபில் ஒரு இருக்கை.

அந்த இருக்கையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குச் சேராமல் தனிப் பாடம் எடுப்பவர்களை, பொதுவாகச் சொந்த மாணவர்கள் எல்லாரும் பதிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அதற்குள் ஆர்கானிக் லேப் நிரம்பியிருக்கும். ஜெனரல் கெமிஸ்ட்ரி முடிக்காமல் ஆர்கானிக் இல்லை, ஆர்கானிக் இல்லாமல் பயோகெமிஸ்ட்ரி இல்லை, அது இல்லாமல் மருத்துவப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டில் உட்காருவது வீண். விண்ணப்பம் வருஷத்துக்கு ஒரு முறை, மே மாதம் திறக்கும். ஆகவே ஒரு லேப் இருக்கை தவறினால் போவது நான்கு மாதம் இல்லை, ஒரு வருஷம். என் வகுப்புக்கு வந்து, கதவருகே நின்று, யாராவது விலகினால் சொல்லுங்கள் என்று கேட்டுப் போனவர்களை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன்.

லிங்கேஜ் என்று ஒன்றும் அவள் தாளில் இருக்கும். கல்லூரி சில மருத்துவப் பள்ளிகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். அதில் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்து, கிடைத்தால் சேருவதாக வாக்குக் கொடுத்தால், படிப்பு முடிந்த கையோடு போகலாம். இல்லாவிட்டால் விண்ணப்பம், நேர்முகம் என்று நடுவில் ஒரு வருஷம் கழியும். மாணவர்கள் இந்த வருஷத்தைத் தப்பிக்கத் துடிக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வருஷம் சம்பளத்தோடு வந்தால் நல்லதுதான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் பணம். 2025ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1லிருந்து புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, முழுச் செலவுக்கும் அரசு கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம், அவ்வளவுதான். பல தனியார் பள்ளிகளில் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது. நியூயார்க்கில் என்ஒய்யு மருத்துவப் பள்ளி 2018லிருந்தும் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி 2024லிருந்தும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, உண்மைதான். அதை நம்பித் திட்டம் போடுவது லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாணம் நிச்சயிப்பது மாதிரி. சேமிப்பை வாசற்படியிலேயே கரைத்துவிட்டால் உள்ளே போன பிறகு என்ன செய்வாள்?

என்னைக் கேட்டால் அரசுப் பல்கலைக்கழகம்தான், லேப் இருக்கை கிடைக்கும் என்று தெரிந்தால். கிடைக்காது என்றால், அவளும் வேலையை விட்டுவிடத் தயார் என்றால், பிரின் மார். முதலில் வேலையை விடாமல் ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒன்றை மட்டும் எடுக்கட்டும். சனிக்கிழமைகளில் பக்கத்து மருத்துவமனையில் தன்னார்வலராகப் போகட்டும், வீல்சேர் தள்ளும் வேலையானாலும் சரி. இது தனக்கு ஒத்துவருமா என்று தெரிய ஆறு மாதம் போதும்.

தங்கை பையனை விட்டுவிடுங்கள். அங்கே பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்பிபிஎஸ், ரேங்க் வந்தால் கவுன்சிலிங். இங்கே பட்டத்துக்குப் பிறகுதான் மருத்துவமே, ரேங்க் பட்டியலும் இல்லை. வேகமான வழியில் போனாலும், மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சி முடிக்க அவளுக்கு 35 ஆகும், நிதானமாகப் போனால் 37. அந்த வயது எப்படியும் வரத்தானே போகிறது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வயது சும்மா வரும், கடன் அப்படியா வரும்? அதனால் நான் அதைச் சொல்லப்போவதில்லை.

எக்செல்லில் இன்னும் ஒரு நெடுவரிசை சேர்க்கச் சொல்லுங்கள்: பட்டத்துக்குச் சேராதவர்களுக்குப் பதிவு திறக்கும் தேதி. ஜனவரிப் பருவத்துக்கு எப்போது என்று பதிவாளர் அலுவலகத்துக்கு அவளே போன் செய்து கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம்.