கணினி வரைகலை தெரியாத ஒருவர் சிறிய சிஎன்சி மரச்செதுக்கு இயந்திரத்தைத் தானே கற்றுக்கொள்ள முடியுமா? எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

கேள்வியில் இன்னும் இரண்டு விவரங்கள் இருக்கின்றன: பார்த்து வைத்திருப்பது 3018 வகை இயந்திரம் (கணினி தரும் கட்டளைப்படி தானே செதுக்கும் சிறிய சிஎன்சி), செய்ய விரும்புவது தேக்குப் பலகையில் வீட்டுப் பெயர்ப்பலகை. நான் வீட்டு மாடியறையில் அதே வகை இயந்திரத்தை வைத்துக்கொண்டு இதே வேலையைத்தான் செய்துவருகிறேன். அதனால் பொதுவாகப் பேசாமல் இந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மென்பொருளில் தொடங்காதீர்கள். எல்லோரும் வரைவதில் ஆரம்பித்து, அங்கேயே மாதக்கணக்கில் சிக்கி, இயந்திரத்தின் மேல் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் உருவம் வரைய வேண்டும். அடுத்து, அந்த உருவத்தின் மேல் பிட் (மரத்தை வெட்டும் சுழல்முனை) எந்த வழியில், எவ்வளவு ஆழத்தில் ஓட வேண்டும் என்ற பாதையைப் போட வேண்டும். கடைசியாக அந்தப் பாதையை இயந்திரத்துக்கு அனுப்பி ஓட்ட வேண்டும். கற்கும்போது இதைத் தலைகீழாகப் பிடியுங்கள். முதலில் ஓட்டப் பழகுங்கள், பிறகு பாதை, கடைசியில் வரைவது.

ஓட்டப் பழகுவதற்கு மரமே வேண்டாம். பிட்டைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலை ஓடவிடாமல், அதன் வாயில் ஒரு பேனாவைக் கட்டி, கீழே காகிதம் ஒட்டுங்கள். இந்த வகை இயந்திரங்களின் கட்டுப்பாட்டு மின்பலகையில் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு நிரல்தான் இருக்கிறது. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் அர்டுயினோ என்ற சிறு மின்பலகைக்காக எழுதத் தொடங்கிய திறந்தமூல நிரல் அது. அதனால் இயந்திரத்தோடு வரும் மென்பொருளையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. இயந்திரத்துக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள்களில் கேண்டில், யுனிவர்சல் ஜிகோட் சென்டர், ஜிசென்டர் என்று எதை வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். அதில் கட்டளை எழுதும் இடத்தில் ஜி21 (ஆங்கில எழுத்தில் G21) என்று கொடுத்தால் இனி எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு; ஜி91 என்றால் இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று பொருள். பிறகு ஜி1 எக்ஸ்50 எஃப்500 என்று கொடுங்கள். பேனா வலப்பக்கம் 50 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். அடுத்து ஒய்50, எக்ஸ் கழித்தல் 50, ஒய் கழித்தல் 50. சதுரம் முடிந்தது. அளவுகோல் வைத்துப் பாருங்கள். 50 என்று சொன்னதற்கு 48 வந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை அடி (ஸ்டெப்) வைக்க வேண்டும் என்ற கணக்கு தவறாக இருக்கிறது. இரண்டு டாலர் குறிகளைத் தட்டினால் எல்லா அமைப்புகளும் வரிசையாக வரும். 100, 101, 102 என்ற எண்கள் மூன்று அச்சுகளுக்கும் உரியவை. 3018இல் பெரும்பாலும் 800 என்று இருக்கும். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 அடி, ஒவ்வோர் அடியும் 16 துண்டு, ஒரு சுற்றில் திருகு தள்ளும் தூரம் 4 மில்லிமீட்டர்: 200ஐ 16ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 800.

இதைக் கையால் எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு துணிவு வந்துவிடுகிறது. பிற்பாடு இயந்திரம் முறைத்துக்கொண்டு எங்கோ போனால், கோப்பைத் திறந்து எந்த வரியில் கோளாறு என்று பார்க்கத் தெரியும்.

அடுத்தது பாதை போடுவது. முழுத் தொழிலும் இங்கேதான் இருக்கிறது, நேரத்தையும் இங்கேதான் செலவிட வேண்டும். முதல் கணக்கு வேகம். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 10,000 சுற்று, பிட்டில் இரண்டு வெட்டு முனைகள், ஒவ்வொரு முனையும் ஒரு சுற்றில் 0.03 மில்லிமீட்டர் மரத்தை எடுக்கட்டும் என்று வைத்தால், மூன்றையும் பெருக்கி வருவது நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர். புதிதாக வருபவர்கள் பயந்துகொண்டு இதை 100 ஆக்குவார்கள். மெதுவாகப் போனால் பத்திரம் என்று நமக்குத் தோன்றும். பிட்டுக்கு அது தண்டனை. வெட்டுவதற்குப் போதிய மரம் கிடைக்காமல் முனை அதே இடத்தைத் தேய்க்கும், சூடேறும், பள்ளத்தின் சுவர் கறுக்கும், முனையும் மழுங்கும். மீட்டர் எதுவும் வேண்டாம். விழும் தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். செதில் செதிலாக இருந்தால் சரி. முகப்பவுடர் மாதிரி ஒட்டிக்கொண்டு தீய்ந்த வாடை வந்தால் வேகம் போதவில்லை. வேகத்தைக் குறைப்பதைவிட ஆழத்தைக் குறையுங்கள். தேக்கில் ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். 3018இன் சட்டம் அவ்வளவு உறுதியானதல்ல. ஆழமாக இறக்கினால் உடம்பே ஆடும், அந்த ஆட்டம் எழுத்தின் ஓரத்தில் அலை அலையாகப் பதியும்.

பெயர்ப்பலகைக்கு வி வடிவ பிட்தான் அழகு. கோடு அகலமாகும் இடத்தில் தானே ஆழமாக இறங்கி, குறுகும் இடத்தில் மேலே ஏறி, உளியால் வெட்டியது போன்ற கூர்மையைக் கொடுக்கும். இதற்குப் பாதை போட எஃப்-என்கிரேவ் என்ற இலவச மென்பொருள் போதும். இணைய உலாவியிலேயே இயங்கும் ஈஸல் இன்னும் எளிது, ஆனால் அதன் நல்ல வசதிகளில் சில சந்தாவுக்குள் இருக்கின்றன. வி பிட் எடுப்பதென்றால் பலகை சமதளமாக இருந்தே ஆக வேண்டும். முனைக்கோணம் 90 பாகை உள்ள பிட் அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூடும். பலகை லேசாக வளைந்திருந்தால்கூட முதல் எழுத்து தடித்தும் கடைசி எழுத்து மெலிந்தும் தெரியும். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. 60 பாகை பிட்டில் அதே பிழை 0.6 மில்லிமீட்டர்கூட வராது. பலகையை இழைத்து வாங்குங்கள். அதோடு, அடியில் இருக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தட்டையும் இயந்திரத்தைக் கொண்டே ஒரு முறை மேலோட்டமாகச் சீவிவிடுங்கள்.

தமிழில் செதுக்குபவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலக் காணொளிகள் எதிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். சாதாரண உருளை பிட்டால் எழுத்தின் உட்பகுதியைக் குடையும்போது, பிட் நுழைய முடியாத இடத்தை மென்பொருள் பல நேரம் சத்தமில்லாமல் விட்டுவிடும். அதிகமாகக் கிடைக்கும் பிட்டின் விட்டம் 3.175 மில்லிமீட்டர். எழுத்தின் மேலுள்ள புள்ளி 2 மில்லிமீட்டர்தான் என்றால், ‘மலர் இல்லம்’ என்று வரைந்து அனுப்பியது ‘மலர இலலம’ என்று மரத்தில் வரும். திரையில் உருவத்தைப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் இருக்கும். பாதையின் மாதிரி ஓட்டத்தைப் பார்த்தால்தான் இல்லாதது தெரியும். எந்தக் கோப்பானாலும் அந்த மாதிரி ஓட்டத்தைப் பார்த்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு அனுப்புங்கள். குறைந்தால் ஒரு மில்லிமீட்டர் பிட்டைக் கொண்டு புள்ளிகளுக்கு மட்டும் தனிப் பாதை போடலாம், அல்லது வரையும்போதே புள்ளியைப் பெரிதாக்கலாம்.

இப்போது வரைவதற்கு வருவோம். நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். உங்கள் வேலைக்கு இதுதான் மிகக் குறைவாகத் தேவைப்படும். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழ் யூனிகோடு எழுத்து அதில் சரியாக வரும். முக்தா மலர், கட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்களில் தடித்த வகையை எடுங்கள். பெயரைத் தட்டச்சு செய்து, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றிய பிறகே வெளியே எடுங்கள். மாற்றாமல் கொண்டுபோனால் அடுத்த மென்பொருள் கொம்பையும் காலையும் கழற்றி வேறு எங்காவது வைத்துவிடும். சில எழுத்துருக்களில் மெய்யும் உயிர்க்குறியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். ‘யூனியன்’ கொடுத்து இரண்டையும் ஒன்றாக்காவிட்டால், ஏறிய இடம் மட்டும் செதுக்கப்படாமல் திட்டாக நிற்கும். அச்சகத்தில் வடிவமைத்து வாங்குவதானால், அவர்கள் இன்னும் பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் வேலை செய்பவர்களாக இருக்கலாம். எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றித் தரச் சொல்லி வாங்குங்கள்.

முப்பரிமாண விநாயகர், மயில் எல்லாம் இப்போது வேண்டாம். ஆசை வரும், விடுங்கள்.

மரத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தச்சுவேலை செய்யும் எங்கள் சித்தப்பா. இயந்திரத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரேகை இந்தப் பக்கம் ஓடுகிறது, உன் எழுத்து அதற்குக் குறுக்கே போகிறது. மெல்லிய இடமெல்லாம் சிராய் எழும்பும், பார்த்துக்கொள்” என்றார். எழும்பத்தான் செய்தது. அதற்குப் பிறகு பலகையின் மேல் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகை ஒரு கை பூசி, உலர்ந்த பின்னரே செதுக்குகிறேன்; ஓரம் சுத்தமாக வருகிறது. கணு இருக்கும் இடத்தில் எழுத்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழகும்வரை தேக்கை வீணாக்காதீர்கள். எம்டிஎஃப் துண்டுகள் போதும். அதற்கடுத்து மலைவேம்பு போன்ற மிருதுவான மரம்.

மின்சாரம் போவதைப் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ஸ்டெப்பர் மோட்டார்களுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. எத்தனை அடி வைத்தோம் என்ற கணக்கு மட்டும் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும். மின்சாரம் போனால் அந்தக் கணக்கும் போய்விடும். அச்சு கடைசிவரை வந்துவிட்டதை உணர்த்தும் எல்லைச் சுவிட்சு இல்லாத இயந்திரத்தில் பாதி வேலையைத் தொடர வேண்டுமானால் ஆரம்பப் புள்ளி மரத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் அறுத்து எறியப்போகும் ஓரத்தில் வி பிட்டின் முனையால் ஒரு சிறு குத்து வைத்து, அதையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினி தானாக உறங்கிப்போகும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஓட்டாதீர்கள்; சுழலும் இயந்திரத்துக்கு அருகே கையுறை போடவே போடாதீர்கள். மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகக்கவசமும், தூளை இழுக்க ஒரு வேக்குவம் கிளீனரும் இயந்திரம் வாங்கும் பணத்திலேயே அடங்க வேண்டும்.

கடைசியாக, 3018 போதுமா என்ற கேள்வி. பெயரிலேயே அளவு இருக்கிறது: 300க்கு 180 மில்லிமீட்டர். ஓர் அடிக்குள் முடியும் பெயர்ப்பலகை, சாவி மாட்டி, கோலத்தட்டு, அச்சுக்கட்டை ஆகியவற்றுக்குத் தாராளம். கதவுப் பலகை, ஜாலி (துளையிட்ட தட்டி) வேலை வந்தால் ஊரில் ‘சிஎன்சி கட்டிங்’ பலகை மாட்டிய கடைக்கே கோப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வரைந்து பாதை போடத் தெரிந்துவிட்டால் அவர்களிடம் வெட்டுக்கூலி மட்டும்தான் செலவு.